‘எனக்கு மை அதிகம் தேவைப்படாது’

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்கு இந்த முறை ‘உலக மக்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு என்ன வேடம் என்பதையும் பள்ளியே முடிவு செய்து சீட்டு அனுப்பிவிட்டது. என் மகளுக்கு ‘ஆப்பிரிக்கக் காட்டுவாசி’. புதுச்சேரியில் உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் விசாரித்தேன். புல் பாவாடை, எலும்பு மாலை, சுருட்டை முடி டோப்பா, ஒரு டப்பா கறுப்பு மை எல்லாம் சேர்த்து 450 ரூபாய் என்றார்கள். 200 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் போனில் இதைக் கேட்டுப் பதறிப்போனார். ‘முகத்தில் கறுப்புப் பூசிப் பிள்ளையை மேடையேற்றாதீர்கள் அண்ணி, அது பெரிய அவமதிப்பு’ என்கிறார். என் மாமியாரோ, ‘சின்னப் பிள்ளை விளையாட்டில் என்ன அவமதிப்பு? என் மகன் நாலாம் வகுப்பில் குறவன் வேடம் போட்டு முதல் பரிசு வாங்கினான்’ என்று கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டுகிறார். பள்ளியில் கேட்டால், வேண்டுமானால் குறத்தி வேடத்துக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். மகளுக்கு எதுவானாலும் சம்மதம். ‘எனக்கு மை அதிகம் தேவைப்படாது என்று மிஸ் சொன்னார்கள்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நாத்தனார் சொல்வது சரியா, அல்லது வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறார்களா? அந்தப் பழைய படத்தையும் இனி கழற்றிவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். மை வேண்டாம். புல் பாவாடையும் எலும்பு மாலையும் வேண்டாம். குறத்தி வேடமும் வேண்டாம். உங்கள் நாத்தனார் எதையும் பெரிதுபடுத்தவில்லை. காரணங்களைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தை என்னை இரண்டாம் முறை படிக்க வைத்தது உங்கள் கேள்வி அல்ல. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘எனக்கு மை அதிகம் தேவைப்படாது’ என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னதாக, அந்த வரிதான்.

அத்தனை பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அந்தச் சீட்டு ஏன் உங்கள் மகளுக்கு வந்தது? ஆசிரியை கெட்ட எண்ணத்தில் கொடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை கறுப்பு, வேடம் பொருந்தும், தாய்க்கும் வேலை மிச்சம் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார். ஆனால் ஆறு வயதுக் காதில் அந்தக் கணக்கு வேறு மாதிரி விழும். மற்றவர்கள் பூசிக்கொண்டு ஆக வேண்டியதை நான் பூசாமலே ஆகிவிட்டேன், மேடையில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கப்போவது என் தோலைத்தான் என்று விழும். அவமதிப்பு உண்டா என்று நீங்கள் ஆப்பிரிக்கா பக்கம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அது பள்ளிப் பையோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது.

சிரித்தாள் என்கிறீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் பலர், ‘சின்ன வயதில் கறுப்பி என்று கூப்பிடுவார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த வாக்கியம் முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிடும்.

1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகள் முன் நிறம் மட்டும் மாறுபட்ட பொம்மைகளை வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்று காட்டினார்கள். அடுத்து, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சேர்த்தது. நமக்குப் பொம்மை கூடத் தேவையில்லை. பிரசவ வார்டு வாசலிலேயே ‘நிறம் எப்படி?’ என்று கேட்டுவிடுகிறோம். ‘கறுப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்பதைப் பாராட்டு என்றே நினைத்துச் சொல்கிறோம். அந்த ‘இருந்தாலும்’ குழந்தையின் கூடவே வளர்கிறது.

ஆகவே வேடத்தைப் பற்றிய முடிவுக்கு முன் மகளிடம் பேசுங்கள். உட்கார வைத்து வகுப்பு எடுக்க வேண்டாம். தலை பின்னும்போது, ‘மிஸ் அப்படிச் சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வேறொரு நாள் அவளே வருவாள். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள்: ‘நீ கறுப்பு இல்லையம்மா, மாநிறம்.’ கறுப்பு ஒரு குறை, அதிலிருந்து நீ மயிரிழையில் தப்பித்தாய் என்பதுதான் அந்த ஆறுதலின் அர்த்தம்.

இனி வேடத்துக்கு வருகிறேன்.

எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் மாறுவேடப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். கிழிந்த பாவாடை, கையில் தகர டப்பா, தோளில் தூளி கட்டி அதில் ஒரு துணிப் பொம்மை என்று ஒரு சிறுமி மேடைக்கு வந்தாள். ‘ஊசி, பாசி வாங்கலையோ சாமியோவ்’ என்று மூக்கால் இழுத்தாள். அரங்கம் அதிர்ந்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்து முதல் பரிசு கொடுத்தேன். விழா முடிந்து பஸ் நிலையத்துக்கு வந்தால், பாசிமணி பரப்பிக்கொண்டு ஒரு நரிக்குறவர் குடும்பம். அந்தத் தாய், பாடப்புத்தகத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்த மகளை அலுத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பற்றிய சண்டை என்பது பையைக் கொட்டிக் காட்டியதால் புரிந்தது. பேச்சு புரியவில்லை, ஏனென்றால் அது தமிழே இல்லை. எத்தனையோ வருடமாக அவர்களிடம் மணி வாங்கியிருக்கிறேன், அவர்களுக்கு வீட்டில் வேறு மொழி இருக்கிறது என்பதைக் கூட அதுவரை கவனித்ததில்லை. நான் பரிசு கொடுத்த ‘சாமியோவ்’ அவர்களுடையது அல்ல. நம்மிடம் பொருள் விற்பதற்காக அவர்கள் போட வேண்டியிருந்த வேடம் அது. அந்த வேடத்துக்குத்தான் நான் பரிசு கொடுத்திருந்தேன்.

அந்த மொழியின் பெயர் வாக்ரி போலி. இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேட்டையாடி வாழ்ந்தவர்களை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டிலிருந்து ஊருக்குள் தள்ளியது. ஊசியும் பாசியும் பிழைப்பாயின. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நிறைவேற்றியது. குறவர் என்பவர்கள் வேறு. அவர்கள் இந்த மண்ணின் குறிஞ்சி நிலத்து மக்கள். வள்ளியைத் தங்கள் குலத்துப் பெண்ணாகச் சொல்பவர்கள். வாடகைக் கடையில் இந்த இரண்டு மக்களும் ஒரே பாலித்தீன் பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். பைமேல் ‘குறத்தி’ என்று எழுதியிருக்கும், உள்ளே நரிக்குறவர் மணி இருக்கும்.

பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று சில சமூகங்களைப் பதிவேட்டில் ஏற்ற 1871இல் ஆங்கிலேயர் சட்டம் போட்டார்கள். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களும் அதில் சிக்கினார்கள். 1952இல் சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழியவில்லை. திருவிழா மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடந்த கொச்சையான கூத்துகளை எதிர்த்து அந்தச் சமூகத்தார் நீண்ட நாள் போராடினார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கித் தடையும் விதித்தது. பெரியவர்கள் ஆடக்கூடாது என்று ஆன ஒன்றை ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மாற்று ஏற்பாடாகத் தருகிறது உங்கள் பள்ளி. அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் சொல்லலாம்.

கறுப்பு மைக்கு வேறொரு ஊரின் வரலாறு உண்டு. 1830 வாக்கில் அமெரிக்காவில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின அடிமைகள் இப்படித்தான் கோணலாக ஆடுவார்கள், உளறுவார்கள் என்று காட்டிப் பணம் பார்த்தார். அந்தப் பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. பிற்பாடு கறுப்பினத்தவரைப் பள்ளியிலும் ரயிலிலும் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அந்தக் கோமாளியின் பெயர் வந்துவிட்டது. பிரான்சிலிருந்து உங்கள் நாத்தனார் பதறியதன் பின்னால் இது இருக்கிறது.

அது அவர்கள் ஊர்ச் சங்கதி, நமக்கென்ன என்று உங்கள் மாமியார் கேட்பார். சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 2019இல் அங்கே மின்னணுப் பணப்பரிமாற்றத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. நாலு பாத்திரங்களிலும் ஒரே சீன நடிகர். அதில் ஒரு பாத்திரத்துக்கு முகத்தில் பழுப்புப் பூச்சு, பெயர் அட்டையில் ‘கே. முத்துசாமி’. சிங்கப்பூரில் முத்துசாமியாக நிற்க ஒரு முத்துசாமி கிடைக்கவில்லையா? அங்கிருந்த இந்தியர்கள் கொதித்தார்கள், சம்பந்தப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். (அதைக் கண்டித்துக் காரமாகப் பாட்டு வெளியிட்ட இந்திய வம்சாவளி உடன்பிறப்புகள் இருவரைக் காவல்துறை எச்சரித்தது தனிக்கதை.) மாமியாரிடம் இந்த முத்துசாமி கதையைச் சொல்லுங்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் சிங்கப்பூரில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் குறைவு. முத்துசாமிக்கு உறைத்தது ஆப்பிரிக்கருக்கும் உறைக்கும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

எலும்பு மாலையை நான் ஏன் தனியாகக் குறிப்பிட்டேன் தெரியுமா? 2017 மார்ச்சில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் ஒரு பதின்ம வயதுப் பையன் இறந்துபோக, அக்கம்பக்கத்து நைஜீரியர்கள் மனித மாமிசம் தின்பவர்கள் என்று வதந்தி கிளம்பி, ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் அடித்தது. படிக்க வந்த பிள்ளைகள். அப்படி ஒரு வதந்தியை நம்புவதற்கு மனம் எங்கே பழகுகிறது என்று யோசித்தால், மேடையில் எலும்பு மாலையோடு ‘ஜிங்கு ஜிங்கு’ என்று குதிக்கும் வேடங்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

மேலும், ஆப்பிரிக்கக் காட்டுவாசி என்று எவரும் இல்லை. அது 54 நாடுகள் கொண்ட கண்டம். கெய்ரோ, லாகோஸ் போன்ற பெருநகரங்களும் அங்கேதான் இருக்கின்றன. புல் பாவாடையைப் பற்றி, அதை வாடகைக்கு விடும் புதுச்சேரிக்கே சொல்ல வேண்டிய சேதி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி, கினே என்ற பெயரில் கப்பலேறி செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்கும் வணிகர்கள் அந்தத் துணியையே காசாகக் கொடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கர்கள் உடுத்திய நீலத்தில் நம் ஊர்ச் சாயக்காரர்களின் கைமணம் இருந்தது. அதே ஊரில் இன்றைக்கு அவர்களுக்குப் புல்லைக் கட்டிவிடுகிறோம்.

உங்கள் மாமியாருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். வேடம் போடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய அரிதாரம் பூசிக்கொண்டு ஆடுகிறார்கள். முகத்தில் சிவப்பு, பச்சை என்று எல்லா நிறமும் உண்டு. ஆனால் துரியோதனன் முகத்துச் சிவப்பு அவன் ஆங்காரத்தைச் சொல்கிறதே தவிர, எந்த ஊர்க்காரனின் தோலையும் சொல்வதில்லை. தெற்கே குலசேகரன்பட்டினம் தசராவில் வேண்டுதலுக்காகக் குறவன், குறத்தி, பிச்சைக்காரர் என்று வேடமிட்டு வீடு வீடாகக் கையேந்துவார்கள். அதைப் பார்த்து நான் சட்டென்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தன் அகந்தையைக் கழற்றுவதற்காகப் போடும் வேடத்தையும், கைதட்டல் வாங்குவதற்காகப் போடும் வேடத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வேடத்துக்குரிய மக்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதும் எனக்கு முக்கியம். குறவர்கள் மேடை ஆட்டத்தைப் பற்றித் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

நடைமுறையில் நான் பார்ப்பது ஒன்றுதான். அந்த வேடத்துக்கு ஒரு பெயர் உண்டா? பாரதியார் வேடத்துக்குப் பெயர் உண்டு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தவர். கறுப்புக் கோட்டும் முண்டாசும் ஒட்டு மீசையும் போதும், பிள்ளை அவராகிவிடும். வள்ளிக்குப் பெயர் உண்டு. கையில் கவண், முன்னால் தினைப்புனம். ‘குறத்தி’க்குப் பெயர் இல்லை. ‘காட்டுவாசி’க்கும் இல்லை, ‘சீனாக்காரன்’ என்று கண்ணை இழுத்து வரையும் வேடத்துக்கும் இல்லை. பெயர் இல்லாத வேடத்தில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எந்தக் கதையும் இருக்காது. அதனால்தான் மூக்கால் பேசச் சொல்கிறோம், குதிக்கச் சொல்கிறோம்.

உங்கள் மகளுக்கு உலகத்திலிருந்து ஒருவர் வேண்டுமென்றால் வங்காரி மாத்தாய் இருக்கிறார். கென்யாக்காரர், 1977இல் பெண்களைத் திரட்டி மரம் நடும் இயக்கம் தொடங்கியவர், 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். பூப்போட்ட பருத்தித் துணியில் நீண்ட கவுன், தலையில் அதே துணியில் ஒரு கட்டு, கையில் ஒரு வேப்பங்கன்று. மையே வேண்டாம், யாருக்கும் வேண்டாம். சிவந்த பிள்ளை போட்டாலும் அதே வேடம்தான். உள்ளூர்க்காரரே போதும் என்று பள்ளி ஒப்புக்கொண்டால், கடலூர் முதுநகரின் அஞ்சலையம்மாளை விடாதீர்கள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலத் தளபதி நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரிய 1927ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றவர். காந்தி கடலூர் வந்தபோது, இவரைச் சந்திக்கக்கூடாது என்று ஆங்கில அரசு தடுக்க, பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ச் சந்தித்தார் என்று கடலூரில் சொல்வார்கள். மாறுவேடப் போட்டியில் மாறுவேடமே போட்ட ஒருவருடைய வேடம்! உங்கள் மகளுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் எப்படிப் பேசுவது? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்; அரை மணி நேரத்தில் இரண்டு கட்சியாகி, நடுவில் உங்கள் பிள்ளை நிற்பாள். வகுப்பு ஆசிரியையைத் தனியாகப் பாருங்கள், மகளை அழைத்துப் போகாமல். ‘உலக மக்கள்’ என்பதை ‘உலகம் அறிந்த மனிதர்கள்’ என்று மாற்றினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பெயரும் நாலு வரி வசனமும் கிடைக்குமே என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஆசிரியர்களுக்கும் வசனம் எழுத எளிது. அது முடிந்த பிறகு, மை பற்றிச் சொன்ன வார்த்தையை எடுங்கள். ‘விளையாட்டாகச் சொல்லியிருப்பீர்கள், ஆனால் அவள் வீட்டில் வந்து சொன்னாள்’ என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல ஆசிரியைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. முகம் சுளித்தால் தலைமையாசிரியரிடம் போங்கள். வேடத்தில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் கொடுத்த 200 ரூபாய் திரும்பி வராது என்றே நினைக்கிறேன்.

படத்தைக் கேட்டிருந்தீர்கள். கழற்ற வேண்டாம். நாலாம் வகுப்புப் பையன் அதில் என்ன தவறு செய்தான்? அவன் கையில் பரிசைக் கொடுத்த நடுவரைக் கேட்க வேண்டிய கேள்வி அது. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். உங்கள் மாமியாருக்கு அது மகனின் முதல் பரிசு. அங்கேயே இருக்கட்டும். உங்கள் மகள் ஒருநாள் அதன் முன்னால் நின்று, ‘அப்பா, இதில் நீங்கள் யார்?’ என்று கேட்பாள். பதிலை அவரே யோசித்து வைத்திருக்கட்டும்.